வக்கியூம் இறங்கிய பின்னேரம்

ரயிலை ஓட்டுவது ட்ரைவர், விடுவது கார்ட். கடைசிப் பெட்டியில் நின்று நான் பச்சைக் கொடி காட்டாமல் எந்த ட்ரைவரும் எடுக்க மாட்டார். சண்டைக் காலத்தில், ரயில் ஓடிய நாட்களில், மட்டக்களப்புப் பாதையில் அந்த வேலையைத்தான் செய்தேன். இன்று கார்டாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாழைச்சேனைக்கு முந்திய ஒரு சிறிய ஸ்டேஷனில் ஆமிக்காரரின் சோதனை நடக்கும். எல்லாரும் பொதிகளோடு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத் திரும்ப ஏற வேண்டும். அன்று பின்னேரம் எல்லாரும் ஏறிய பிறகும் ஓர் இளம்பெண் மட்டும் பிளாட்போமில் நின்றாள்.

"ஏறு புள்ள, கோச்சி வெளிக்கிடப் போகுது."

"அவர உள்ளுக்குக் கூட்டிற்றுப் போயிற்றாங்க ஐயா. விசாரிச்சிட்டு நாளைக்கு விடுவாங்களாம். நான் எப்பிடி ஏறுற?"

கல்யாணம் முடித்துச் சில மாதந்தானாம். 'நாளைக்கு' என்று சொல்லி வைத்துக்கொண்ட பலரை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. ரயில் போய்விட்டால் பார்த்த கண்களும் போய்விடும்.

"அந்த வாங்கில இரு. கத்தாத," என்று பிளாட்போம் பெஞ்சைக் காட்டி அவளிடம் சொல்லிவிட்டு என் பெட்டிக்குள் ஏறி, பிரேக் வால்வைத் திறந்துவிட்டேன். பிரேக் குழாய்க்குள் வக்கியூம், அதாவது காற்றில்லாத வெற்றிடம், நின்றால்தான் எங்கள் ரயில்களில் பிரேக் விடும். வால்வு வழியே காற்றுப் புகுந்தால் பிரேக் இறுகி ஒரு சில்லும் உருளாது. வக்கியூம் மானியின் முள் பூச்சியத்துக்கு இறங்கியது.

காவலரண் பொறுப்பதிகாரி வந்து சிங்களத்தில் சத்தம் போட்டார். இருட்டுமுன் ரயில் அந்த இடத்தைத் தாண்ட வேண்டும். சனம் நிறைந்த ரயில் தன் காவலரணுக்கு முன்னால் நிற்பது அவருக்குப் பெரிய தலையிடி.

"வக்கியூம் இல்லை சேர்," என்று முள்ளைக் காட்டினேன்.

அதற்குள் ட்ரைவர் எஞ்சினிலிருந்து நடந்து வந்துவிட்டார். மாகோ பக்கத்துச் சிங்கள மனிதர். திறந்து கிடந்த வால்வைப் பார்த்தார், பிறகு வாங்கில் இருந்த பெண்ணைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் கதை அன்றோடு சரி.

"எங்கேயோ லீக் சேர். லேசில் பிடிக்க முடியாது," என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஸ்பானரோடு பெட்டிக்குக் கீழே புகுந்து, ஒரு குறையுமில்லாத குழாயைத் தட்டத் தொடங்கினார். நடிப்பென்றால் அதுதான்.

நான் மெல்லச் சொன்னேன்: "அந்தப் பெண்ணின் புருஷன் உங்களிடம் இருக்கிறார் சேர். என்னுடைய பயணி. ரயில் நிற்கும்போதே விசாரித்து முடித்தால் நல்லது."

அதிகாரி என்னை முறைத்தார். விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பொழுது சாய்ந்துகொண்டே போனது. கடைசியில் அந்தப் பையன் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தான். இரண்டு பேரும் ஏறினார்கள்.

ட்ரைவர் புழுதியைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "அண்ணே, இப்ப வக்கியூம் வரும்," என்றார் தன் தமிழில். நான் வால்வை மூடினேன், முள் ஏறியது.

மட்டக்களப்பு கடைசி ஸ்டேஷன். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. வெளிவாசல் கேற்றடியில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கார்ட் ஐயா, உங்கட கோச்சி ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திரிக்கா? மகனும் மருமகளும் வாறாங்க எண்டு எவ்வளவு நேரமா நிக்கிறன்! சம்பளம் என்னத்துக்கு வாங்குறீங்க?"

"வக்கியூம் பிழைச்சிற்று," என்றேன்.

அவர் மகன் பின்னால் வந்து நின்றான். அதே பையன். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வேண்டாமென்று தலையாட்டினேன். பெரியவர் ஏச்சை நிறுத்தாமலே அவளின் பையை வாங்கிக்கொண்டு நடந்தார். நான் சந்தோஷமாக வாங்கிய ஏச்சு அது ஒன்றுதான்.

பிள்ளைகளே, பிந்தினால் ஏசுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அன்று நேரத்துக்குப் போயிருந்தால், அந்தக் கேற்றடியில் அந்த மனிதருக்கு நான் என்னத்தைச் சொல்லியிருப்பேன்?