அக்காவின் பாட்டு டப்பா

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய, சிவப்பு நிற எம்பி3 பிளேயர் அது. பின்புறம் துணியில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப், முன்புறம் கட்டைவிரல் நகமளவு திரை, அதைச் சுற்றி ஐந்து பட்டன்கள். அம்பத்தூர் மார்க்கெட்டில் வாங்கிய கையோடு, அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் என் மேஜைமேல் வைத்து, "பாப்பா, இந்த டப்பால பாட்டு ஏத்திக் குடு" என்றார் டீ அக்கா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். நாள் முழுவதும் டீ கிளாஸ் கழுவுகிறவர் என்பதால் அவர் கை எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில், ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் அப்போது கம்ப்யூட்டர் ஆபரேட்டர். லேபிளும் டெலிவரி சலானும் அடித்துக் கொடுப்பது வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். அக்கா பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் வருவார். கூட்டிப் பெருக்குவதும் டீ போடுவதும் அவர் பொறுப்பு. கம்பெனியில் முதல் வாரம் யாருடனும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்த எனக்கு, கேட்காமலே இரண்டாவது டீ கொண்டுவந்து வைத்தவர் அவர்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைக் கம்ப்யூட்டரில் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது, பச்சையானால் உருவிவிடலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். திரையில் வரும் ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது. தமிழில் பெயர் வைத்தாலோ வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதனால் அம்மன் பாட்டுகளை முதலிலும் சினிமாப் பாட்டுகளை அடுத்தும் வரிசையாக வைத்து, எந்தப் பட்டனை எத்தனை தரம் அழுத்தினால் எது வரும் என்று பழக்கினேன். பாட்டைத் தொடங்கும் பட்டனில் என் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன். கடைசியாக, ஓரத்துப் பட்டனை நீள அழுத்தினால் பேசுவதையும் பதிந்துகொள்ளும் என்று காட்டினேன். "இன்னா பேசறது நானு?" என்று அவர் வெட்கப்பட்டதை அதுவே திரும்பச் சொன்னபோது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தார்.

அன்று முதல் டப்பா அவர் தோளில் சேலையோடு மாட்டியே இருந்தது. ஒரு காதில் மட்டும்தான் இயர்போன். இன்னொரு காது சூப்பர்வைசர் கூப்பிட்டால் கேட்பதற்கு. பெருக்கும்போது தலை தன்னால் ஆடும். மாதத்துக்கு ஒருமுறை பாட்டு மாற்றிக் கொடுப்பேன். அவர் வீட்டுக்காரர் பூந்தமல்லி பக்கம் ஒரு குடோனில் லோடு ஏற்றுகிறவர். "அந்தாளு பாட்டு கேக்க மாட்டாரு பாப்பா, பாட்டுக்குக் குறுக்கப் பேசிகினே இருப்பாரு" என்று அக்கா அலுத்துக்கொள்வார். அந்த மனிதர் ஒரு நாள் காலையில் குடோன் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

காரியம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினார். டப்பா தோளில் இருந்தது, இயர்போன் ஒரு காதில் இருந்தது, தலை மட்டும் ஆடவில்லை. அம்மன் பாட்டு கேட்கிறார், மனதுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு பாட்டு மாற்றவும் அவர் வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மதியம் பதறிக்கொண்டு வந்தார். டப்பா நின்றுபோயிருந்தது. வெளியே லாரி கிளம்பத் தயாராக நின்றது. லேபிள் பாதிதான் அடித்திருந்தேன். ஒரு காதில் போன், மறுமுனையில் முதலாளி.

"பாப்பா, பாட்டு போனா போவட்டும். உள்ள ஒண்ணு கீது..."

"சரிக்கா, நான் பாத்துக்கறேன், வச்சிட்டுப் போங்க" என்றேன். அவர் சொல்லவந்ததை முழுதாகக் கேட்டிருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டியிருந்திருக்காது. டப்பாவைச் செருகினேன். ஃபார்மட் செய்யட்டுமா, உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று திரை கேட்டது. பாட்டுதானே, திரும்ப ஏற்றினால் போகிறது என்று ஓகே கொடுத்தேன். டப்பா உயிர் பெற்றது. கொஞ்சம் அம்மன் பாட்டும் சினிமாப் பாட்டும் ஏற்றி, சாயங்காலம் பெருமையாக அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் நான் பையைக்கூட வைக்கவில்லை, அக்கா வந்து நின்றார். "பாப்பா, எங்க ஊட்டுக்காரரு பேச்சு எங்க?"

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. பேச்சைப் பதியும் அந்தப் பட்டனைக் காட்டிக்கொடுத்தவளே நான்தான். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு ஒன்று வந்துவிட்டது. "உள்ள தண்ணி போயிருக்குக்கா. நீங்க கொண்டு வரும்போதே எல்லாம் அழிஞ்சிருந்துச்சு."

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். "என் கைதான் பாப்பா. எந்நேரமும் ஈரக்கை. ஈரத்தோட ஈரமா அதத் தொட்டுத் தொட்டு நானே கெடுத்துகினேன்" என்றார். பிறகு போய் அடுப்பைப் பற்றவைத்தார். பதினோரு மணிக்கு வழக்கம்போல் எனக்கு இரண்டாவது டீயும் வந்தது.

அந்த வாரமே, கம்பெனிக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்க வருகிறவரிடம் விசாரித்தேன். "மேல பாட்டு ஏத்திட்டீங்களா? இருந்தாலும் கொஞ்சநஞ்சம் மீட்கலாம். பொருளைக் கொண்டாங்க, பாப்போம்" என்றார். டப்பாவை வாங்கிக் கொடுக்க வேண்டுமென்றால் அக்காவிடம் காரணம் சொல்ல வேண்டும். தண்ணீரில் போனது எப்படித் திரும்பும் என்று அவர் கேட்பார். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளினேன். அவர் அந்த டப்பாவைத் தோளில் மாட்டுவதை நிறுத்தினார். சில மாதத்தில் எனக்கு ஐ.டி. அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. பிறகு கல்யாணம், காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட். அழித்ததைக்கூட அவசரத்தில் செய்த பிழை என்று மன்னித்துக்கொள்ள முடிகிறது. மீட்க வழி இருந்த அந்தச் சில நாட்களில், என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் வாய்மூடி இருந்ததை மன்னிக்க முடியவில்லை.

சென்ற வருடம் என் அப்பா போய்விட்டார். அவர் வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் என் போனில் இருக்கின்றன. பெரிதாக ஒன்றுமில்லை. மழை பெய்ததா, சாப்பிட்டாயா, கரண்டு பில் கட்டியாயிற்றா என்பவைதான். அவற்றைத் தினமும் கேட்கிறேன். கேட்கிற ஒவ்வொரு முறையும் அக்காவின் விரித்த உள்ளங்கைகள் கண்முன் வரும். தாங்கமாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டாபிராமுக்குப் போனேன். டீ அக்கா வீட்டுக்குப் பழைய கம்பெனியில் வழி கேட்டு வைத்திருந்ததால் கண்டுபிடிக்கச் சிரமமில்லை.

அக்காவுக்கு முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் "பாப்பாவா!" என்று கன்னத்தைத் தடவினார். நான் உட்கார்ந்த உடனேயே சொல்லிவிட்டேன், எதையும் மறைக்காமல். மீட்க வழி இருந்ததையும் சொன்னேன்.

அவர் "அப்போ என் கை இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"எங்க பொண்ணு போன் வாங்கிக் குடுத்தா. நான் தொட மாட்டேன்னுட்டேன். பேசணும்னா அவதான் என் காதுல வச்சிப் புடிச்சிக்கணும். எத தொட்டாலும் கெட்டுப்பூடும்னு எனக்கு ஒரு பயம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா பாப்பா? திட்டியிருப்பேன். ரெண்டு நாளு உன்னாண்ட பேசியிருக்க மாட்டேன். அவ்ளோதானே."

அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அது நியாயம்தான். சற்றுப் பொறுத்து, இத்தனை வருடமாக நான் கேட்காத ஒன்றைக் கேட்டேன்: அந்தப் பதிவில் என்ன இருந்தது?

"இன்னா இருந்துச்சி... கொயம்புல உப்பு இல்லன்னு கத்துவாரு. என் பேர சொல்லிக் கூப்புடுவாரு. என் பேர யாரு சொல்றாங்க சொல்லு? அங்க டீ அக்கா, இங்க அம்மா. அவரு ஒருத்தருதான்."

நானும் அவர் பெயரைக் கேட்டதில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுக்காரர் கூப்பிடுகிற மாதிரியே தன் பெயரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இப்டி இல்ல, இன்னும் கொஞ்சம் கரகரன்னு இருக்கும்" என்று மறுபடி கூப்பிட்டார். கடைசி எழுத்தை நீட்டி இன்னொரு முறை முயன்றார். பிறகு நிறுத்திவிட்டார்.

"வரல பாப்பா" என்றார்.