ஒப்ரிகாடு அண்ணன்

என்னை வேலையை விட்டு அனுப்பியவரை நான் ஒரு வருஷம் காத்திருந்து பழிவாங்கினேன். இந்தக் கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டு முடித்ததும் பெரும்பாலும் "பாவம்" என்பார்கள். யார் பாவம் என்று நான் கேட்பதில்லை.

மஸ்கட்டில், ரூவி டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. நாற்காலி, கூடாரம் வாடகைக்கு விடுவதில் தொடங்கி, ஹோட்டல்களில் விழா நடத்திக் கொடுப்பது வரைக்கும் செய்கிற கம்பெனி. முதலாளி ஓமானி. எப்போதாவது வந்து, காவா என்கிற அரபிக் காப்பி குடித்துவிட்டுப் போவார். மற்றதெல்லாம் மேனேஜர் கையில். அவர் மதுரைக்காரர். எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததே அவர்தான். என் கணவர் ஏசி மெக்கானிக். மேனேஜர் வீட்டு ஏசியைப் பார்க்கப் போன இடத்தில் பழக்கமானது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடுவார். "நாகர்கோவில்காரங்க கைப்பக்குவமே தனி தங்கச்சி" என்பார். நானும் வாய்நிறைய அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு மேல்வீட்டில் ஒரு பிரேசில்காரி குடியிருந்தாள். அவள் கணவர் உள்ளூர் கிளப்பின் ஜூனியர் பையன்களுக்குக் கால்பந்து கோச். அவளுக்கு இங்கிலீஷ் வராது, அரபி வராது. ஒருநாள் படிக்கட்டில் நின்று என் கையிலிருந்த மரச்சீனிக் கிழங்கைக் கண்டு கண்கலங்கிவிட்டாள். அவள் ஊரிலும் அதுதான் சாப்பாடாம். அன்றைக்கு ஆரம்பித்தது சிநேகம். நான் அவளைக் கடைக்குக் கூட்டிப்போவேன். அவள் எனக்கு போர்த்துகீஸ் சொல்லித் தந்தாள். ஜன்னலைக் காட்டினால் ஜனேலா என்றாள். சாவியைக் காட்டினால் ஷாவி, மேசையைக் காட்டினால் மேஸா. இதென்ன, பாதி மொழி ஏற்கெனவே என் வீட்டில்தான் கிடக்கிறது என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் அவளோடு சண்டை போடுகிற அளவுக்குப் பேசினேன்.

ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்த வருஷம் ரூவி கடைகளில் எங்கே பார்த்தாலும் பிரேசிலின் மஞ்சள் பனியன் தொங்கியது. அந்தச் சூட்டில் கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு பெரிய ஹோட்டல், குளிர்காலத்தில் பிரேசில் வாரம் நடத்த முடிவு செய்தது. ஓவியக் கண்காட்சி, டிரம், சாப்பாடு எல்லாம் உண்டு. நடத்திக்கொடுக்கும் பொறுப்பு எங்கள் கம்பெனிக்கு வந்தது. மேனேஜர் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, உனக்குத்தான் அவங்க பாஷை வருமே. மெயில் எல்லாம் நீயே பாத்துக்கயேன். பேரு நமக்கு சேர்ந்துதான்."

பார்த்துக்கொண்டேன். வடகிழக்கு பிரேசிலில் மரக்கட்டையில் செதுக்கி மை தடவிப் படம் அச்சடிக்கிற ஒரு வயதான அம்மாவைக் கண்டுபிடித்துப் பேசியது நான். அங்கே சந்தையில் துணி காயப்போடுவதுபோல் கயிறு கட்டி அந்தப் படங்களைத் தொங்கவிடுவார்கள். இங்கேயும் அப்படியே செய்யலாம் என்று ஹோட்டலைச் சம்மதிக்க வைத்ததும் நான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே வைக்கிற குறிப்பை இரண்டு மொழியிலும் எழுதினேன்.

அந்த அம்மா படங்களோடு விமானத்தில் வந்து இறங்கினார். பெட்டியை மேனேஜர் ஹோட்டலின் பின்பக்க அறையில், ஏசிக்கு நேர் கீழே வைக்கச் சொன்னார். நான் ஏசி மெக்கானிக்கின் பெண்டாட்டி. மேலே இருந்த ஈரக்கறையைப் பார்த்த உடனே சொன்னேன்.

"அண்ணே, இங்க வேண்டாம். இது ஒழுகும்."

"ஒரு ராத்திரிதான தங்கச்சி. காலையில எடுத்துருவோம்."

காலையில் பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. அடியில் இருந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து கிடந்தன. அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் பரப்பினார். அழவில்லை. திட்டவில்லை. தன் பாவாடையில் கையைத் துடைத்துத் துடைத்து அடுத்ததை எடுத்தார். முதலாளி வந்தார். மேனேஜர் என்னைக் கைநீட்டிக் காட்டினார்.

"இந்தப் பொண்ணுகிட்ட ஒப்படைச்சேன் சார். அங்க வைக்காதன்னு சொல்லியும் கேக்கல." இதை இங்கிலீஷில் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னார். "பாஷைகூட நான்தான் சார் கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் குடுத்தேன். பொறுப்பு வரலை."

பெட்டியை நான் வைத்ததாகச் சொன்ன பொய்யைக்கூட, பயத்தில் சொன்னது என்று விட்டிருப்பேன். பாஷையைத் தான் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்ல அவருக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. முதலாளி என்னைப் பார்க்காமலே "கலாஸ்" என்றார். அந்த வார்த்தையோடு வேலை முடிந்தது. கணவரின் விசாவில் இருந்ததால் ஊருக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அந்த வார விழாவில் மேனேஜர் கோட்டுப் போட்டுக்கொண்டு, நான் எழுதியதை வாசித்தார் என்று மேல்வீட்டுக்காரி வந்து சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மனசுல வச்சுக்காத தங்கச்சி. யாரோ ஒருத்தர் தலைய குடுக்கணும். நீ பொம்பள, வீட்ல இருந்துக்கலாம். எனக்கு மூணு பிள்ளைங்க."

நான் சோறு போட்டேன். அவர் சாப்பிட்டார். அவர் போனபிறகு என் கணவர் கேட்டார்.

"என்னத்துக்கு நீ அவனுக்கு விளம்பின?"

"அவரு நம்மள நம்பிக்கிட்டே இருக்கணும் கேட்டியளா" என்றேன்.

அதே ஹோட்டலில் விருந்து ஏற்பாடு செய்யும் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கேயே வேலைபார்த்த, திருவல்லாவைச் சேர்ந்த ஒரு சேச்சி சேர்த்துவிட்டார். அடுத்த குளிர்காலம் மறுபடியும் பிரேசில் வாரம் வந்தது. இந்தத் தடவை அந்தப் படக்கார அம்மாவின் ஊர்ப்பக்கத்திலிருந்தே இரண்டு பாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்றார்கள். கையில் கிட்டார் மாதிரி ஒரு வாத்தியம், கம்பிகள் இரட்டை இரட்டையாக இருக்கும். எழுதிவைத்த பாட்டே கிடையாது. கூட்டத்தில் யாராவது ஒரு விஷயம் சொன்னால், அதை வைத்து அங்கேயே ஆளுக்கு ஒரு அடியாகக் கட்டிப் பாடுவார்கள். ஒருத்தரை ஒருத்தர் கேலிசெய்வார்கள். சபையில் இருப்பவர்களையும் விடமாட்டார்கள். மேடையில் நின்று உடனுக்குடன் இங்கிலீஷில் சொல்ல ஆள் வேண்டும்.

கூட்டம் போட்டுப் பேசினார்கள். எங்கள் பழைய முதலாளியும் இருந்தார்; இந்தத் தடவையும் நடத்திக்கொடுப்பது அவர் கம்பெனிதான். மேனேஜர் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார். சேச்சி என்னைப் பார்த்து, "நீ செய்யேன்" என்றார்.

"எனக்கு வீட்டில் பேசுகிற பாஷைதான் தெரியும்" என்று இங்கிலீஷில் சொன்னேன். "மேடைக்கு ஏற்றவர் ஒருத்தர்தான் மஸ்கட்டில் உண்டு. எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார்." மேனேஜரின் பெயரைச் சொன்னேன். அவர் உச்சரிப்பைப் புகழ்ந்தேன். போன வருஷம் அவர் எழுதிய குறிப்புகளைப் புகழ்ந்தேன். முதலாளியின் முகம் பெருமையில் மலர்ந்தது. அந்த இடத்திலேயே முடிவாகி, நோட்டீஸில் அவர் பெயர் அச்சாகிவிட்டது.

அன்று சாயங்காலமே போன் வந்தது.

"தங்கச்சி, என்ன இப்பிடிப் பண்ணிட்ட?"

"நல்லதுதான அண்ணே சொன்னேன்."

முதலாளியிடம் போய்த் தெரியாது என்று அவரால் சொல்ல முடியாது. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்.

"அன்னைக்கு நீ பக்கத்துல இருப்பல்ல? சைடுல நின்னு எடுத்துக் குடுத்தா போதும்."

"பக்கத்துலயே இருப்பேன் அண்ணே."

இருந்தேன். மேடைக்குப் பக்கவாட்டில் அல்ல, முன்வரிசையில். கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அவர் கண்ணில் படுகிற மாதிரி நட்டநடுவில். ஒருபக்கம் கணவர், மறுபக்கம் மேல்வீட்டுக்காரி. அவளுக்கு அடுத்து அவள் கணவர் கோச், அவருக்கு அடுத்து முதலாளி. மேனேஜர் மைக்கோடு வந்து திரைச்சீலைப் பக்கம் என்னைத் தேடினார். பிறகுதான் கீழே பார்த்தார். நான் தலையசைத்து வணக்கம் வைத்தேன்.

முதல் பாட்டை ஒப்பேற்றிவிட்டார். "ஓமானுக்கு வந்ததில் சந்தோஷப்படுகிறார்கள்" என்றார். அவர்கள் பாடியது விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றி. பிரேசில்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்றவர்கள் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு பாட்டுக்காரர்களில் நெட்டையானவர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"கோமு சி ஷாமா?"

பெயர் என்ன என்று கேட்கிறார். அந்தப் பாஷை படிக்கிறவர்கள் முதல்நாளே படிக்கிற கேள்வி. மேனேஜருக்குத் தெரிந்தது நன்றி என்கிற ஒரு வார்த்தைதான்.

"ஒப்ரிகாடு" என்றார் சிரித்துக்கொண்டே.

நெட்டையர் புருவத்தைத் தூக்கினார். "எந்த ஊர்?" என்று கேட்டார்.

"ஒப்ரிகாடு."

அவ்வளவுதான். வாத்தியத்தை மீட்டி ஆரம்பித்துவிட்டார்கள். திருவாளர் நன்றி என்று ஒருத்தர் உண்டு, அவர் ஊர் நன்றிபுரம். அடித்தாலும் நன்றி, பிடித்தாலும் நன்றி, பெண்டாட்டி பெயர் கேட்டாலும் நன்றி என்று ஆளுக்கொரு அடியாக ஏற்றிக்கொண்டே போனார்கள். பிரேசில்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். மேனேஜர் மைக்கில், "விழா நடத்துபவர்களுக்கு நன்றி சொல்கிறார்கள்" என்றார். முதலாளி கோச்சிடம் குனிந்து, ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். கோச் அரபியில் விளக்கினார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே முதலாளியின் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதைப் போல ஒரு காட்சியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மேனேஜரின் சட்டை கழுத்துவரை நனைந்திருந்தது. கையால் என்னைக் கூப்பிட்டார். நான் முந்தானையைச் சரிசெய்தேன். கடைசியில் மைக் இருப்பதை மறந்து தமிழிலேயே கேட்டுவிட்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் வாயேன்."

நான் எழுந்து நின்றேன். ஹாலில் இருந்த தமிழர்களுக்கும், சுவரோரம் தட்டோடு நின்ற நம் ஊர் வெயிட்டர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"எனக்கென்ன அண்ணே தெரியும்? நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தது."

உட்கார்ந்தேன். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

இடைவேளையில் மேல்வீட்டுக்காரி என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனாள். அவளை அப்படிக் கோபத்தில் நான் பார்த்ததில்லை.

"அவங்க ரெண்டு பேரும் இதுக்கு முன்னாடி ஊரைவிட்டு வெளியே வந்ததே இல்ல. பாதிச் சபைக்கு ஒண்ணும் புரியல. உன் சண்டைக்கு அவங்க பாட்டை எதுக்குக் கெடுத்த?"

அது நியாயம். எனக்கு வருத்தம் வரவில்லை என்பதும் நிஜம். "மிச்சத்தை நான் சொல்றேன்" என்றேன்.

மேடை ஏறினேன். மேனேஜர் மைக்கை என்னிடம் தந்து இறங்கும்போது, "முடிச்சுரு தங்கச்சி, புண்ணியமாப் போகும்" என்றார். பாட்டுக்காரர்கள் என்னையே ஒரு விஷயம் கொடுக்கச் சொன்னார்கள். நான் யோசிக்கவே இல்லை. ஒழுகுகிற ஏசிக்குக் கீழே ஒரு பெட்டிப் படம். அங்கே வைக்காதே என்று சொன்னவளுக்கு வசவு. இதைத்தான் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கதை அவர்கள் ஊர்வரைக்கும் போயிருக்குமோ என்னவோ.

பாடினார்கள். நான் ஒவ்வொரு அடியாக இங்கிலீஷில் சொன்னேன். படங்களுக்குத் தாகம் எடுத்ததாம், ஏசி தண்ணீர் கொடுத்ததாம். பெட்டியை வைத்த கையில் ஒரு சொட்டும் ஒட்டவில்லையாம். எட்டி நின்று எச்சரித்தவள்தான் தலையோடு நனைந்தாளாம். யார் பெயரையும் அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லும்போது முதலாளியை மட்டும் பார்த்துச் சொன்னேன்.

விழா முடிந்து காவா குடிக்கும் இடத்தில் முதலாளி மேனேஜரைக் கூப்பிட்டார். நான் தள்ளி நிற்கவில்லை.

"அந்தப் பெட்டியை அங்கே வைத்தது யார்?"

"சார், அது சும்மா பாட்டு."

"நான் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை."

முதலாளி என் பக்கம் திரும்பி, மறுபடியும் கம்பெனிக்கு வரச் சொன்னார். மாட்டேன் என்றேன். அந்தப் பதிலைச் சொல்லத்தான் ஒரு வருஷமாக நான் தூங்கி எழுந்திருந்தேன்.

மேனேஜரை வேலையை விட்டு நீக்கவில்லை. ஓமானின் தென்கோடியில் இருக்கிற சலாலா கிளைக்கு மாற்றினார்கள். அங்கே விழாவெல்லாம் கிடையாது. கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற குடோன். மேல்வீட்டுக்காரி சில மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவள் கணவருக்கு கத்தாரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். போகும்போது கட்டிப்பிடித்தாள், முன்பு மாதிரி இல்லை. அந்த ஒன்றுதான் எனக்கு நஷ்டம்.

அடுத்த மழைத் தூறல் காலத்தில், சலாலாவைப் பார்க்க வேண்டும் என்று கணவரிடம் கேட்டேன். மலையெல்லாம் பச்சையாக இருந்தது. அருவியைப் பார்த்தோம். பிறகு குடோன் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அங்கே வண்டியை விடச் சொன்னேன். மேனேஜர் நனைந்த தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, நல்லாயிருக்கியா?"

"நல்லாயிருக்கேன் அண்ணே. நீங்க?"

"இருக்கேன்."

ரோட்டோரக் கடையில் இளநீர் வெட்டி வாங்கித் தந்தார். என் கணவர் குடித்தார். நான் எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் வாங்கி, அவர் பார்க்கப் பார்க்க அப்படியே கடைப்பலகையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

கொஞ்சதூரம் வந்தபிறகு கணவர் கேட்டார்.

"இப்பம் ஒனக்குத் திருப்தியாக்கும்?"

ஆமாம் என்றேன். வண்டியின் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பசித்தது. நல்ல மீன்சாப்பாடு கிடைக்கிற இடம் ஏதாவது தெரியுமா என்று அவரிடம் கேட்டேன்.