நாய்க்குக் குத்திய முள்

இங்கிலாந்திலிருந்து பேத்தி போனில் வீடியோ அனுப்பியிருந்தாள். குன்று, மரங்கள், அவளுக்கு முன்னால் ஓடும் நாய். "ரொம்ப ஈசியான நடை தாத்தா" என்று சிரித்தாள். நாயைப் பார்த்ததும் வீடியோவை நிறுத்தினேன்.

நான் சிறுவனாக இருந்தபோது வெள்ளைக்காரன் ஆண்டான். சங்கரன்கோவிலில் அப்பா தறி நெய்துகொண்டிருந்தார். மேற்கு மலையில் உலாவ வந்த துரைக்குச் சாப்பாட்டுக் கூடை சுமக்க, தலையாரி அப்பாவை இழுத்துப் போனான். அப்பா வெறுங்காலோடு ஏறினார். வழியில் துரையின் நாய்க்கு முள் குத்தியது. துரை மண்டியிட்டு அதைப் பிடுங்கிவிட்டு, நாயை அப்பாவின் தோளில் ஏற்றினான். அப்பாவின் காலிலும் முள் ஏறியிருந்தது. அதைப் பிடுங்க அவரை நிற்கவிடவில்லை.

வீங்கிய காலைப் பார்த்து அம்மா தலையாரியிடம் அழுதாள். "அண்ணாச்சி, தறி மிதிக்கிற காலுல்லா?"

"நாய்க்கு நாலு காலும் வேணும்ட்டி. ஒம் புருசனுக்கு ஒண்ணு போதும்" என்றான் தலையாரி.

கால் அழுகியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். தறியில் அண்ணன் உட்கார்ந்தான்.

அடுத்த வருடமும் துரை மலையேற வந்தான். தலையாரி வாசலில் நின்று அண்ணனைக் கூப்பிட்டான். அண்ணனும் வெறுங்காலோடுதான் போனான்.