குழிக்குள் வைத்த கொடித்தலை

கொல்லையில் மகன் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான். கிழங்கு பட்டென்று ஒடிகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அடிக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, கொடியோடு இருந்த தலையைத் திரும்பக் குழிக்குள் வைத்து மூடினான். பெங்களூர் வேலையை விட்டு வந்ததிலிருந்து எதிலும் அவனுக்குப் பாதி போதுமாம்.

அந்தச் சத்தம் என்னை ஏழு வயசுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மலைமேல் எங்கள் குண்டனி நாட்டுச் சரிவில் என் அப்பாவும் இப்படித்தான் ஒடிப்பார். ஊட்டில் ஐந்து வாய் பசியோடு காத்திருக்கும்.

"தலையிலயும் சதை இருக்குதுங்கப்பா. எடுத்துக்கலாமுங்க."

"போதும் சாமி. அது அடுத்த வருசத்துக்கு."

"பசி இந்த வருசமுங்களே!"

சிரித்துக்கொண்டே மண்ணைத் தள்ளுவார். பிள்ளைக்கு வயிறாரப் போடத் துப்பில்லாத ஆளின் சிரிப்பு என்று அன்றே முடிவு கட்டினேன்.

மூணாங்கிளாஸ் தாண்டாத நான், அதே சரிவு முழுவதையும் மிஷின் விட்டு உழுதேன். மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போட்டு லாரி லாரியாக, ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்கு இறக்கினேன். எங்கள் ஊரில் முதல் மாடி ஊடு என்னுடையது. இவனைப் படிக்க வைத்ததும் அந்த உழவுதான். கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

"இந்தக் கொடி ஏது கண்ணு?" என்று மகனைக் கேட்டேன்.

"ஆலத்தூர் நாட்டுல ஒருத்தர்கிட்டக் கேட்டு வாங்கியாந்து நட்டேனுங்கப்பா. நம்ம சரிவெல்லாம் தேடிட்டேன், ஒரு கொடிகூட இல்லீங்க. என்னாச்சுங்க?"

"காட்டுப்பன்னி தின்னுபோட்டுது" என்றேன்.