பிந்தி வந்த பதில்

"நான் யாருன்னு சொல்லுப்பா" என்று அண்ணன் குனிந்து கேட்டான். கட்டிலில் கிடந்த அப்பா, "மல்லாட்ட" என்றார். பெற்ற பிள்ளையைப் பார்த்து அவர் நிலக்கடலையின் பெயரைச் சொன்ன அந்தக் கணம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அண்ணன் வராந்தாவுக்குப் போய், சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

பக்கவாதம் தாக்கியதும் அப்பாவைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். எதைக் கேட்டாலும் பொருந்தாத பதில். அண்ணனோ பொறுமை என்ன விலை என்று கேட்கிறவன். கேள்விமேல் கேள்வியாக அடுக்குவான். "புத்தி பூடுச்சு, பாப்பா. நம்மளால பாத்துக்க முடியாது. செங்கம் ரோட்டுல ஒரு ஹோம் இருக்குது, அங்க உட்டுடலாம்" என்று கட்டிலருகிலேயே நின்று சொன்னான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் விமான நிலையத்தில் ரேடார் பராமரிக்கிறவள். ரேடாருக்குள் நேரத்தை ஒழுங்குபடுத்தவென்றே ஒரு சர்க்யூட் உண்டு. அது தட்டிவிட்டதும் அலை கிளம்பும். அதே கணத்தில் திரையும் எண்ணத் தொடங்கும். அலை எதிலாவது பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறதோ, அதை வைத்துத்தான் தூரம் தெரியும். அவசரப்பட்டு அடுத்த அலையை அனுப்பினால் வந்தது வினை. வெகுதொலைவிலிருந்து பிந்தித் திரும்பும் முதல் அலையை, இரண்டாவது அலைக்கான பதிலென்று திரை எடுத்துக்கொள்ளும். எங்கோ இருக்கும் மலையைப் பக்கத்தில் காட்டும்.

மறுநாள் காலை ஹோமுக்குப் பேச அண்ணன் போனை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. 'நான் யாரு' என்பதற்கு முன்னால் அவன் கேட்டது, "நெலத்துல இன்னா போட்டிருக்கப்பா?" என்று. அப்பா அதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

"கொஞ்சம் பேசாம இருண்ணா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவனைக் காட்டி, "யாருப்பா இது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் பொறுக்காமல் வாயெடுத்தபோது கையை அழுத்தினேன். அப்பாவின் உதடு கோணலாக அசைந்தது.

"பெரியவன்."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு மகிழ்ச்சியே வரவில்லை. புத்தி எங்கும் போகவில்லை என்றால், கட்டிலருகே நாங்கள் பேசிய அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

அப்பாவை வீட்டுக்கே கூட்டிப்போனோம். கடலை பிடுங்குவதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். ரேடாரில் இந்தக் கோளாறு வந்தால் அலைகளுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டி இன்றும் சரிசெய்துவிடுகிறேன். அன்று ஆஸ்பத்திரியில் நான் கேட்ட அடுத்த கேள்விக்கு வந்த பதிலைத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"பயமா இருக்குதாப்பா?" என்று கேட்டேன். காத்திருந்தோம். அவர் கண்கள் அண்ணனிடம் போய், என்னிடம் திரும்பி வந்தன.

"ஜாஸ்தி" என்றார்.