ஒன்பது லாரிக்கும் ஒரே பெயர்

வழக்கறிஞர் கனகவல்லியை நான் முதலில் பார்த்தது எங்கள் குடியிருப்பு வாசலில், ஒரு தண்ணீர் லாரிக்கு முன்னால். மேடவாக்கத்தில் முந்நூற்று நாற்பது வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்புக்கு நான்தான் மேலாளர். 2023 ஏப்ரல் மாதம் அது. நாளுக்கு இருபது லாரி வந்துகொண்டிருந்தது. வெள்ளைப் புடவை கட்டிய ஒரு அம்மா ஸ்கூட்டியை ஓரம் நிறுத்திவிட்டு, லாரியின் முன் கண்ணாடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இங்க போட்டோ எடுக்கக் கூடாது" என்றேன்.

"எடுத்தாச்சே தம்பி. லாரி வர்றதுக்கு ரிஜிஸ்டர் வெச்சிருக்கீங்களா?"

மேசைமேல் திறந்தபடியே கிடந்தது. வண்டி எண் எழுத வேண்டிய கட்டத்தில் எங்கள் காவலாளி ஆபேல் 'மோனிஷா 2', 'மோனிஷா 5' என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். அந்த அம்மா எதிரில் எனக்கு மானமே போயிற்று.

"இன்னா சார் பண்றது, நம்பர் பிளேட்டு பூரா சேறு" என்றார் ஆபேல். "கண்ணாடி மேல பேரு பெர்சா கீது. அத்த எழுதிக்கினேன்."

கனகவல்லி சிரித்துவிட்டார். "எனக்கு இப்பக் காட்டாதீங்க. கோர்ட் கேக்கும், அப்பக் கொண்டு வாங்க. மூணு வருஷத்து நோட்டும் பத்திரம்."

அந்த லாரிகள் ஜெயவேலுவினுடையவை. ஏரி ஓரம் நிலம் வைத்திருந்த பழைய குடும்பம். தன் நகையை விற்று முதல் லாரி வாங்கிக் கொடுத்தவர் அவர் மனைவி தையல்நாயகி. பதினோரு வருடம் லாரிக்கு வரும் போனை எடுத்து, எந்த வண்டி எந்தத் தெரு என்று அனுப்பியவரும் அவர்தான். 2021இல் ஜெயவேலு விவாகரத்து மனு போட்டார். ஆறு லாரியையும் அதற்கு முன்பே தன் அக்கா கணவரான மச்சானுக்கு விற்றுவிட்டதாகவும், இப்போது அவரிடம் பதினெட்டாயிரம் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுவதாகவும் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தார். நீதிமன்றம் அதை நம்பிவிட்டால் தையல்நாயகிக்கு ஜீவனாம்சமாக மாதம் ஆறாயிரம் கிடைத்தாலே பெரிது. மகள் மோனிஷா பிளஸ் டூ முடித்திருந்தாள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியவன் நான். கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

தையல்நாயகிக்காக வாதாடிய கனகவல்லி ஒன்பது வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படித்தார். கணக்கு அத்துப்படி. ஆனாலும் கணக்கை அவர் கடைசியில்தான் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், விசேஷ வீட்டுப் போட்டோ எல்லாவற்றையும் முதலில் கேட்பார். வேலையே இல்லை என்று சொன்ன ஒரு கணவரைப் புதுமனை புகுவிழா அழைப்பிதழை வைத்தே பிடித்திருக்கிறார். "பணத்தை ஒளிச்சு வெச்சுடுவாங்க தம்பி. பெருமைய ஒளிச்சு வெக்க மனசு வராது" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

சம்மன் என் பெயருக்கு வந்தது. மூன்று வருட நோட்டையும் நானும் ஆபேலும் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். மோனிஷா 6 வரை பழையவை. மோனிஷா 7 முதன்முதலில் உள்ளே வந்தது 2022 ஜனவரியில். அடுத்து எட்டு. பிறகு ஒன்பது. வழக்குப் போட்ட பிறகு மூன்று புது லாரிகள்.

"சார், நம்ம நோட்டுதான் கேஸே" என்றார் ஆபேல், மீசையைத் தடவிக்கொண்டு.

என் சாட்சியம் பத்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் ஒதுங்கி நின்றேன். ஜெயவேலு கூண்டில் ஏறினார். கனகவல்லி குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க மச்சானுக்கு எத்தன பொண்ணு?"

"ரெண்டு, மேடம்."

"அவங்க பேரு எந்த லாரியில இருக்கு?"

கனகவல்லி எங்கள் நோட்டைப் புரட்டினார்.

"ஆறு லாரியப் பேரோட வித்தீங்க, சரி. அவர் புதுசா வாங்கின மூணுக்கும் உங்க பொண்ணு பேர எதுக்கு எழுதினாரு?"

"பாசம்தான் மேடம்."

எழுத்தர் குனிந்து சிரிப்பை அடக்கினார்.

"நல்லது. லாரி அவருது. ஒன்பதுலயும் மோனிஷாவ அழிச்சுட்டு அவர் பொண்ணுங்க பேர எழுதிக்கட்டும். உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு இங்கயே சொல்லிடுங்க."

ஜெயவேலு தன் வக்கீலைப் பார்த்தார். பிறகு தையல்நாயகியைப் பார்த்தார். கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேர்ல மட்டும் கை வெக்காத மேடம். அது என் கொயந்த பேரு" என்றார். பிறகு, "வண்டிங்க என்னுதுதான்" என்றார்.

நீதிபதி எழுத ஆரம்பித்தார். ஓடிப்போய் ஆபேலுக்குப் போன் போட வேண்டும்போல் இருந்தது எனக்கு.

மூன்று மாதத்தில் சமரசம் ஆயிற்று. குடியிருந்த வீடும் நான்கு லாரிகளும் தையல்நாயகிக்கு வந்தன. மகளின் படிப்புச் செலவை ஜெயவேலு ஏற்றுக்கொண்டார். எங்கள் குடியிருப்புக்கு இப்போது இருவரின் லாரிகளும் வருகின்றன. ஒன்பதிலும் பெயர் அப்படியே இருக்கிறது. ஆபேல் இப்போது வண்டி எண்ணையும் சேர்த்து எழுதுகிறார்.

மோனிஷா பி.காம். படிக்கிறாள். கனகவல்லி சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. வாரத்தில் ஆறு நாளும் வழக்கு நடத்துகிறார்.