நோம்பிக்கு ஓர் இன்லண்டு

புத்தகம் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து சேரும்போது எப்போதும் கொஞ்சம் நமுத்துப்போய்த்தான் இருக்கும். புக் போஸ்ட் என்றால் கட்டின் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும், உள்ளே கடிதம் எதுவும் வைக்கக் கூடாது என்பது தபால் விதி. ஏற்காட்டு மூடுபனிக்கு அந்தத் திறந்த முனைகள் தாராளமாகப் போதும். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து நிறுத்தி ஒரு நாள் காயவைத்தால்தான் பக்கம் புரட்ட வரும். அந்த ஒரு நாள் பொறுப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

எண்பதுகளின் நடுவில் அது. நாங்கள் ஐந்து பேர். ஒரு வாரப் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவரை ஒருவர் மறுத்து எழுதியே பழக்கமானவர்கள். கும்பகோணத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை புத்தகம் வாங்குவார். படித்துவிட்டுக் காரைக்குடிக்கு அனுப்புவார். அங்கிருந்து நாகர்கோவில், பிறகு ஈரோடு, கடைசியாக நான். யாரும் யாரையும் பார்த்ததில்லை. நாகர்கோவில்காரர் ஆண் என்பதே ஒரு வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். அதுவரை அவருக்குச் சமையல் குறிப்பெல்லாம் எழுதியிருக்கிறோம், அவரும் மறுக்காமல் நன்றி சொல்லியிருக்கிறார்.

ஒருவருக்குப் பதினைந்து நாள். கடிதம் வைக்க முடியாததால் சொல்ல வேண்டியதைப் பென்சிலால் பக்க ஓரத்தில் எழுதி, ஊரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். கு, கா, நா, ஈ, ஏ. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கக் கூடாது. என்னிடமிருந்து புத்தகம் கும்பகோணத்துக்குத் திரும்பியதும் மறுபடி ஒரு முறை எல்லா ஊருக்கும் போய்வரும், அவரவர் எழுதியதற்கு மற்றவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று பார்க்க. முதல் சுற்று கதைக்கு, இரண்டாம் சுற்று சண்டைக்கு என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் பதிவு எழுதுவதைத் தவிர வேறு எழுத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

முதல் தடவை தபாலாபீஸ்காரர் கட்டிலிருந்து புத்தகத்தை உருவித் தலைகீழாக உதறிப் பார்த்தார். கடிதம் விழவில்லை. ஓரத்துப் பென்சில் எழுத்தைப் பார்த்ததும் அவருக்கு நெற்றி சுருங்கியது.

"ஏனுங்கம்மா, இது கடிதாசு ஆவாதுங்களா?"

"புஸ்தகத்துல எழுதுனா அது புஸ்தகந்தானுங்களே."

புத்தகத்தை மறுபடி ஒரு முறை புரட்டினார். "அதுஞ் செரிதானுங்க" என்று முத்திரை குத்தினார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்டுவிட்டு நாலு பக்கம் படித்துவிட்டுத்தான் கட்டுவார். "இந்தக் கு அம்மா நொம்பக் கோவக்காரங்களாட்டம் இருக்குதுங்க" என்று ஒரு நாள் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பென்சில் சீவிய வாசனை வருகிறது. வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் யாரோடும் சண்டை போட்டதில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆனால் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். எங்கள் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு மலைக்காரரின் மகள். தாய் காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஆறு வயது. அப்பாவுக்குக் குடகுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. "ஒரு வருசம் பாத்துக்கங்க ரைட்டரம்மா, கால் ஊனுனதும் வந்து கூட்டிக்கறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு வருடம் ஐந்து வருடம் ஆனது. என்னை அத்தை என்பாள். தலை பின்னி விடும்போது ஓயாமல் பேசுவாள். இரவில் இடி இடித்தால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். பெறாத வயிறு என்று என்னை யாராவது சொன்னால் எனக்கு உறைக்காமல் போனது அவளால்தான்.

அப்பா வருடத்துக்கு இரண்டு இன்லண்டு கடிதம் போடுவார். பொங்கலுக்கு ஒன்று, மே மாதம் சேர்வராயன் கோயில் நோம்பிக்கு ஒன்று. திருவிழாவை இந்தப் பக்கத்தில் நோம்பி என்றுதான் சொல்வோம். யாரையோ பிடித்து எழுத வைத்த கடிதங்கள், கோழி கிளறினதுபோல் கையெழுத்து. இரண்டாம் வருடம் அங்கே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதாக எழுதினார். அப்புறம் ஒரு தம்பிப் பாப்பா பிறந்ததாக எழுதினார். நான் உரக்கப் படிப்பேன், அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். கடைசியில் மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே வரி வரும்: 'கண்ணுக்கு என்கூட வர இஷ்டமுன்னா ஒரு வரி எழுதச் சொல்லுங்க, வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.'

அந்த வரியை நான் அவளுக்குப் படித்ததே இல்லை.

முதல் தடவை அந்த வரி வந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். அடுத்த தடவை தெரிந்தே விட்டேன். அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்ட பிறகு, சிற்றன்னையிடம் போய்ச் சின்னப் பெண் என்ன பாடுபடுமோ என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகு, "இந்தக் கையெழுத்து உனக்குப் புரியாது கண்ணு" என்று வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவள் பதில் எழுதுவாள். நன்றாக இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடினேன், தம்பிப் பாப்பாவுக்குப் பல் முளைத்ததா என்று. கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்காது.

அப்படியிருக்கும்போதுதான் அந்த நாவல் வந்தது. பெற்றவன் பம்பாயில் இருக்க, சென்னையில் வேறொரு வீட்டில் வளரும் பெண்ணின் கதை. வளர்க்கிறவள் பம்பாயிலிருந்து வரும் கவர்களைப் பிரிக்காமல் அலமாரிக்குப் பின்னால் போட்டுவிடுகிறாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எனக்கு முன்னால் படித்தவர்களின் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. 'பாவி' என்று கு. 'இவளும் ஒரு பெண்ணா' என்று கா. 'தபால் சட்டப்படி இது குற்றம்' என்று நா. ஈரோட்டுக்காரி மட்டும் ஒன்றும் எழுதவில்லை, ஒரு கோடு போட்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். ஓரம் போதாமல் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். 'இருமல் வந்தால் இரவெல்லாம் மடியில் வைத்திருந்தவள் இவள். உங்களில் யாருக்கு அது தெரியும்? நோம்பிக்கு ஒரு இன்லண்டு, பொங்கலுக்கு ஒரு இன்லண்டு போட்டுவிட்டால் அவர் அப்பாவா? வந்து கூப்பிட்டாரா? ஒரு வரி எழுதச் சொல்வது கூப்பிடுவதா?' கீழே பெரிதாக ஏ என்று போட்டேன். கை ஓய்ந்தது, மனசும் லேசானது. பதினைந்தாம் நாள் கட்டி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, அரிசி களைந்துகொண்டிருக்கும்போது சுரீரென்றது. நாவலில் வருவது கவர். இன்லண்டு கிடையாது. பம்பாய்க்காரருக்கு நோம்பி ஏது? 'ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்' என்று அந்தக் கதையில் யாரும் எழுதவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானே ஊருக்கு ஊர் எழுதி அனுப்பியிருக்கிறேன். அழிக்கவும் முடியாது. அந்த மூன்று பக்கம் அப்போது கும்பகோணத்து ஆசிரியையின் மடியில் இருந்தது.

இரண்டு மாதம் நான் தபால்காரரைப் பார்த்தாலே உள்ளே போய்விடுவேன். காப்பிப் பூ பூத்து எஸ்டேட்டே மணந்துகொண்டிருந்த சமயத்தில் இரண்டாம் சுற்று என்னிடம் வந்தது. அன்றைக்குக் காயவைக்கக்கூடப் பொறுமையில்லை. ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்களைப் பிய்த்துத்தான் படித்தேன்.

நாகர்கோவில்காரர் அப்பாவியாக எழுதியிருந்தார்: 'நோம்பி என்றால் என்ன? புத்தகத்தில் மூன்று முறை தேடிவிட்டேன், காணவில்லை.' காரைக்குடி ஒன்றும் எழுதவில்லை. கும்பகோணத்து ஆசிரியை, அந்தக் கோபக்காரி, கேட்டிருந்தது ஒன்றுதான்: 'ஏற்காடு அம்மா, உங்கள் குழந்தைக்கு என்ன வயது?' பாவி என்ற தன் சொல்லுக்குப் பக்கத்தில் 'அவசரப்பட்டேன்' என்றும் போட்டிருந்தார். திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

ஈரோட்டுக்காரி பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். 'நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். அப்பாவும் பெரியம்மாவும் எனக்காக முடிவு செய்துகொண்டார்கள். என்னைக் கேட்டிருந்தால் பெரியம்மாவிடமே இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு நாற்பது வயதாகிறது, அது இன்னும் ஆறவில்லை.'

அதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அழுதேன். அழுகையோடு கூடவே ஓர் ஆசையும் முளைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவிடமே இருப்பேன் என்கிறாளே. என் பெண்ணும் அப்படித்தானே சொல்வாள்?

அன்று சாயங்காலம் பத்துக் கடிதங்களையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "கடைசி வரிய நான் உனக்குப் படிச்சுச் சொன்னதில்ல சாமி. நீயே படிச்சுக்க" என்றேன். கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். விரல் வைத்துத்தான் படித்தாள். எழுந்து வந்தாள்.

"எல்லாத்துலயும் இருக்குதுங்களா அத்தை?"

"எல்லாத்துலயும் இருக்குது."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தலை பின்ன என்னிடம் வரவில்லை, வீட்டுக்காரரிடம் போய் நின்றாள். அவர் ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் பின்னிவிட்டார். அப்படியே பள்ளிக்கூடம் போனாள். அந்த வரி இருப்பது வீட்டுக்காரருக்கும் இத்தனை வருடமும் தெரியும். மூன்றாம் நாள் ஓர் இன்லண்டு கேட்டு வாங்கி அவளே எழுதினாள்: 'அப்பா, நோம்பிக்கு வாங்க. பேசோணும்.' அவ்வளவுதான். ஒட்டி என் கையில் கொடுத்தாள். நானே பஜாருக்கு நடந்துபோய்ப் பெட்டியில் போட்டேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் அவர் வந்தார். காப்பி எஸ்டேட்டுக்கே காப்பித்தூள் வாங்கிவந்த மனிதர். பையை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை, கதவருகில் நின்று பார்த்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க கேட்டத நான் புள்ளைகிட்டச் சொல்லவே இல்லீங்க. தப்பு எம்மேலதான்."

அவர் தலை குனிந்தே இருந்தார். அப்படியே பேசினார்.

"உங்க மேல மட்டுமில்லீங்க ரைட்டரம்மா. அந்தக் கேள்விக்குப் பதிலு வரலீங்கறது எனக்கும் சவுகரியமாத்தான் இருந்துச்சு. புதுசா வந்தவ எப்படி வெச்சுக்குவாளோன்னு பயம். கேட்டுப்புட்டேன், புள்ளைக்கு இஷ்டமில்லன்னு மனச ஆத்திக்கிட்டேன். வந்து நேர்ல கேட்டிருக்கலாமுங்க. கேக்கல."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்திருக்கிறோம். வீட்டுக்காரர் காப்பி கலக்கவாவது போகலாம் என்று எழுந்தார். அப்போது அவள் கதவைவிட்டு நடுவில் வந்தாள்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சுங்களா? இப்ப என்னையக் கேளுங்க."

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்க கேளுங்க அத்தை."

ஈரோட்டுக்காரியின் எழுத்து கண்முன்னே நின்றது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்.

"எங்க இருக்கோணும்னு ஆசப்படற கண்ணு?"

"அப்பாகூட" என்றாள். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "தம்பிப் பாப்பாவ நான் இன்னும் பாக்கவே இல்ல. லீவுக்கு இங்க வருவேன்."

செரி கண்ணு என்றேன். குரல் உடையாமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அவளுக்குத் தலை பின்னி பஸ் ஏற்றிவிட்டேன், லீவுக்கு வரவும் செய்தாள். கேட்டது சரிதான் என்று அடுத்த புத்தகத்தின் ஓரத்தில் ஈரோட்டுக்குப் பென்சிலால் எழுதினேன். அது பொய் இல்லை. ஆனாலும் கேட்காமலே வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச வருடம் என்னோடு இருந்திருப்பாளே என்று அன்றைக்கு பஸ் வளைவில் திரும்பும்வரை நினைத்துக்கொண்டே நின்றேன். இந்த வயதிலும் சில நாள் நினைக்கிறேன்.